நோயாளி இருக்கும் வீட்டில் கீசரை எப்போது மாற்ற வேண்டும்?

கீசர் பழுதானால் எலக்ட்ரீஷியனை அழைப்போம், மருத்துவரை அழைப்பதில்லை. ஆயினும் மருத்துவமனை இதழில் கீசரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “வெந்நீரில் குளிக்கலாமா, டாக்டர்?” என்பது. இளஞ்சூடான நீரில் குளிக்கலாம் என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த இளஞ்சூடு எந்தக் கருவியிலிருந்து வருகிறது, அதற்கு எத்தனை வயது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே எங்கள் பதிலின் மறுபாதி அமைகிறது. புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதை விளக்குவது கடினம்.

பெரும்பாலான வீடுகளில் வெந்நீர் வராமல் போகும் நாளில்தான் கீசர் மாற்றப்படுகிறது. நலமாக இருப்பவர்கள் மட்டும் வாழும் வீட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். நீரிழிவு நோயாளி, பக்கவாதத்தால் ஒரு பக்கம் உணர்ச்சி குன்றியவர், முதியவர், கைக்குழந்தை, இதயத்தில் கருவி பொருத்தப்பட்டவர் ஆகியோரில் ஒருவர் இருந்தாலும் அந்த அளவுகோல் பொருந்தாது. நீரைச் சூடாக்கும் வேலையை நிறுத்துவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே ஒரு பழைய கீசர் ஆளைக் காயப்படுத்தத் தொடங்கிவிட முடியும்.

இதை ஒரு நோயாளியின் நிலையைக் கொண்டு விளக்குகிறோம். அறுபதைக் கடந்த ஒரு தாயார்; நெடுங்கால நீரிழிவினால் இரு பாதங்களிலும் உணர்ச்சி மங்கியிருந்தது. ஒரு மாலை அவருடைய பேத்திதான் பாட்டியின் காலில் பெரிய கொப்புளங்கள் இருப்பதைக் கண்டு சொன்னாள். காலையில் குளித்தபோது நேர்ந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. விசாரித்தபோது மருமகள் சொன்ன செய்தி எங்களுக்குப் புதிதன்று: “ஒரு மாதமாகவே தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. நாங்கள் பச்சைத் தண்ணீர் கலந்து குளித்துக்கொள்கிறோம்.” தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்தப் பழுதுக்குப் பழகி, கையை வைத்துப் பார்த்து, கலந்து, சமாளித்துக்கொண்டனர். அவ்வாறு சமாளிக்க உதவும் உணர்ச்சி அந்தத் தாயாரின் பாதங்களில் இல்லை. புண் ஆறப் பல வாரங்கள் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

நீரின் வெப்பமும் தோல் தாங்கும் நேரமும் நேர் விகிதத்தில் மாறுவதில்லை. 50 டிகிரி செல்சியஸ் அளவிலுள்ள நீர், நலமான ஒரு பெரியவரின் தோலை ஆழமாகச் சுடுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். 55 டிகிரியில் ஏறத்தாழ அரை நிமிடம் போதும். 60 டிகிரியில் சுமார் 5 வினாடிகள். 70 டிகிரியில் ஒரு வினாடிகூடத் தேவையில்லை. குழந்தைகளின் தோலும் முதியவர்களின் தோலும் மெல்லியவை. அவர்களுக்கு இந்த நேரங்கள் இன்னும் குறையும். கீசரின் தொட்டியில் நீர் 60 முதல் 75 டிகிரி வரை சூடேறுவது வழக்கமாதலால், குழாயைத் திருப்பியவர் விலகிக்கொள்வதற்குள் காயம் நேர்ந்துவிடக்கூடும். குளிப்பதற்குத் தேவையானது 37 முதல் 40 டிகிரி மட்டுமே.

ஆகவே முதற் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கீசரின் விளக்கு அணைந்ததும், அதாவது தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்ததும், வெந்நீர்க் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒரு குவளையில் நீரைப் பிடித்து, சமையலறைக்கென விற்கப்படும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பயன்படுத்த வேண்டாம்; அது 42 டிகிரியோடு நின்றுவிடும். திருகியை 50 டிகிரியில் வைத்திருந்தும் நீர் 65, 70 என்று வருமானால், அல்லது விளக்கு அணையாமலே எரிந்துகொண்டிருந்தால், தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யவில்லை. இந்தப் பழுதுக்காக மட்டும் கீசரையே மாற்ற வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினால் போதும். ஆனால் அதுவரை அந்தக் கீசரிலிருந்து நோயாளிக்கு நீர் எடுக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தெர்மோஸ்டாட் தவறினால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே கீசருக்குள் ‘தெர்மல் கட்-அவுட்’ என்ற இரண்டாவது காப்பு உள்ளது. அது அடிக்கடி விழுகிறதென்று, அதை நீக்கிவிட்டு நேரடியாக மின்கம்பியை இணைத்துக் கொடுக்கும் வழக்கம் சில பழுதுபார்ப்பவர்களிடம் உண்டு. கட்-அவுட் விழுவது நோயின் அறிகுறி; அறிகுறியை அகற்றினால் நோய் தீராது. அவ்வாறு நேரடி இணைப்புக் கொடுக்கப்பட்ட கீசரில் நீர் கொதிநிலையைத் தாண்டலாம். அழுத்தம் வெளியேற வழியில்லையெனில் தொட்டி வெடிக்கவும் கூடும். உங்கள் வீட்டுக் கீசர் அந்த நிலையில் இருப்பது தெரியவந்தால், அதை மீண்டும் சுவிட்ச் போடாமல் கழற்றிவிடுவதே நாங்கள் சொல்லும் வழி.

கசிவு எங்கிருந்து வருகிறது?

“கீசர் ஒழுகுகிறது” என்பது “வயிறு வலிக்கிறது” என்பதைப் போன்றது. எங்கே என்று கேட்காமல் முடிவுக்கு வர இயலாது.

குளிர்நீர் உள்ளே செல்லும் பக்கத்திலுள்ள பாதுகாப்பு வால்விலிருந்து, நீர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக வடிந்தால் பெரும்பாலும் அது பழுதன்று. சூடாகும் நீர் விரிவடைகிறது. 25 லிட்டர் நீரை 70 டிகிரி வரை சூடாக்கினால் ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்குப் பெருகும். அந்தப் பெருக்கத்தை வெளியேற்றுவதுதான் வால்வின் வேலை. தரை ஈரமாகிறதென்று அந்தத் துளையை அடைப்பது பெருந்தவறு. ஒரு சிறு குழாயைப் பொருத்தி நீரை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடலாம். குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தால் பிளம்பர் சரிசெய்துவிடுவார். ஆனால் கீசரின் உடலிலிருந்து, குறிப்பாக அடிப்பகுதியில் மேலுறையின் ஓரத்திலிருந்து நீர் வடிந்தால் உள்ளிருக்கும் தொட்டி அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பற்றவைப்போ பசையோ தீர்வாகா. கசியும் நீர் மின் இணைப்புகளின் மீதும் படியும். அந்தக் கீசரின் ஆயுள் முடிந்துவிட்டது.

துரு நிறத்தில் நீர் வந்தாலும் இதே போன்ற ஒரு சோதனை உண்டு. குளிர்நீர்க் குழாயிலும் அந்த நிறம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் வந்தால் குறை மேல்நிலைத் தொட்டியிலோ குழாய்களிலோ இருக்கிறது. வெந்நீரில் மட்டும் வந்தால் கீசரின் உட்புறம் துருப்பிடிக்கிறது. தொட்டிக்குள் மக்னீசியத்தாலான ஒரு தண்டு பொருத்தப்பட்டிருக்கும். ஆனோட் தண்டு என்று அதைச் சொல்வர். தொட்டியின் எஃகு அரிக்கப்படாமல், அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதே அதன் பணி. அது முற்றிலும் கரைந்த பின் அரிப்பு தொட்டியைத் தாக்கத் தொடங்குகிறது. ஆண்டுக்கொரு முறை, மிகுந்தால் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்றினால் தொட்டியின் ஆயுள் நீளும். நாங்கள் அறிந்தவரை, இந்தத் தண்டு ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் உப்புப் படிவு பெரும் சிக்கல். கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடேறும் கம்பியின் மேல் ஓடு போல் இறுகிக்கொள்ளும். முன்பு பத்து நிமிடத்தில் சூடான நீருக்கு இப்போது இருபது நிமிடம் ஆவதும், சூடாகும்போது உள்ளே கடகடவென்று ஒலி கேட்பதும் இதன் அடையாளங்கள். ஆரம்பத்திலேயே தொட்டியைக் கழுவிக் கம்பியைத் துப்புரவு செய்தால் சரியாகிவிடும். தவிர்த்தால், வெப்பம் நீருக்குள் செல்லாமல் கம்பியிலேயே தங்கி, அதன் உறை வெடிக்கும். அதன் பின் வருவது மின்கசிவு.

குழாயைத் தொட்டால் ‘சுரீர்’ என்றால்

நோயாளிகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறோம்: “லேசாக ஷாக் அடிக்கும் டாக்டர், அவ்வளவுதான்.” இதில் லேசானது எதுவுமில்லை. உலர்ந்த தோல் மின்சாரத்துக்குப் பெரும் தடை. நனைந்தால் உடலின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் அதன் வழியே பாய்ந்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைச் சிதறடிக்க அதில் பாதியே போதுமானது. இன்று ‘சுரீர்’ என்பதோடு நின்றதற்குக் காரணம், எர்த் இணைப்பு கசிவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டதாகவோ உங்கள் காலில் செருப்பு இருந்ததாகவோ இருக்கலாம். நாளையும் அவ்வாறே அமையும் என்பதற்கு உறுதியில்லை.

வீட்டில் எம்.சி.பி. இருப்பதால் அச்சமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். எம்.சி.பி. கம்பிகளை மிகைச்சுமையிலிருந்து காப்பது. 16 ஆம்பியரில் விழும் சுவிட்ச், மனிதரைக் கொல்லும் கால் ஆம்பியரைக் கண்டுகொள்ளாது. மனிதரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. அது இல்லாத பழைய வீடுகளில், புதிய கீசருக்குச் செலவிடும் முன் இதற்குச் செலவிடுங்கள் என்று சொல்வோம். கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் கருவி தொல்லை தருவதாக எண்ண வேண்டாம். அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கம்பியை மாற்றி, எர்த்தைச் சரிபார்த்த பின்னரும் விழுந்தால் கீசரை மாற்றிவிடுங்கள்.

இதயத்தில் ஐ.சி.டி. பொருத்தப்பட்டவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். நலமானவருக்குத் தெரியக்கூடத் தெரியாத சிறு மின்கசிவையும், இதயத்தின் ஆபத்தான துடிப்பு என்று அந்தக் கருவி தவறாகக் கொண்டு, தேவையின்றி அதிர்ச்சி கொடுத்துவிடக்கூடும். குளியலறையில் கருவி அதிர்ச்சி கொடுத்தால், இதய மருத்துவரிடம் வரும்போது அந்த இடத்தையும் குறிப்பிடுங்கள். எவராயினும் நீர் சூடான பின் கீசரை அணைத்துவிட்டுக் குளிப்பது நல்ல வழக்கம். வாளியில் போடும் ஹீட்டர் ராடு நோயாளி உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். அதற்குத் தெர்மோஸ்டாட்டும் இல்லை, உறையும் இல்லை.

கேஸ் கீசர்

இதுவரை சொன்னவற்றில் பழுதுபார்க்கலாமா, மாற்றலாமா என்று எடைபோட இடமிருந்தது. குளியலறைக்குள் பொருத்தப்பட்ட, புகைபோக்கி இல்லாத கேஸ் கீசரைப் பொறுத்தவரை அந்த ஆலோசனைக்கே இடமில்லை. அது நேற்று வாங்கியதாயினும் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும்.

எரிவாயு எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். சிறிய அறை, அடைத்த கதவு, மழையோ குளிரோ என்று மூடிய சன்னல். எண்ணெய்க் குளியல் நாளில் வழக்கத்தைவிட நீண்ட நேரம். அறையின் ஆக்சிஜன் குறையக் குறைய வாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கு எச்சரிப்பதுபோல் இங்கே எச்சரிக்க எதுவுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, பின் மயக்கம். “தலைக்குக் குளித்ததால் பித்தம் ஏறிவிட்டது” என்று வீட்டார் கருதுவர். குளியலறையில் விழுந்துகிடப்பவரைக் கண்டு வலிப்பு என்றோ பக்கவாதம் என்றோ அழைத்து வருவோரும் உண்டு. கருவுற்ற தாய்க்கு இது இரட்டை ஆபத்து. குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுகப் பற்றும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் அதனால் வேறுபடுத்த இயலாது. 98 என்று காட்டும். ஆகவே “வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது, குளிக்கும்போது விழுந்தார்” என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் எங்களுக்குப் பேருதவி. அதைக் கேட்டதும் இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவைப் பார்க்கவும், முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுக்கவும் தொடங்குவோம். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியளவு வெளியேற 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே காலையில் தலைவலியும் வாந்தியும் வந்தால் உணவை மட்டும் ஐயுறாமல் கீசரையும் ஐயுறுங்கள்.

கேஸ் கீசர்தான் வசதி என்றால், அது குளியலறைக்கு வெளியே திறந்த காற்றில் பொருத்தப்பட்டு, நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வர வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலும், கருவியின் மேற்பகுதியில் கரி படிந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது

வயதைப் பற்றியும் கேட்பீர்கள். சேமிப்புக் கீசர் ஒன்று பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். உப்புநீர் வீடுகளில் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். தயாரித்த ஆண்டு அதன் உடலில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பத்து ஆண்டைக் கடந்த கீசருக்கு, புதியதன் விலையில் பாதியளவு பழுதுபார்ப்புச் செலவு வந்தால் மாற்றிவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து. செலவுக் கணக்கு எங்கள் துறை அன்று. ஆயினும் நீரிழிவுக் காலின் தீப்புண்ணுக்கு ஆகும் செலவை நாங்கள் அறிவோம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சேமிப்புக் கீசருக்குரிய ஐ.எஸ். 2082 என்ற தரக் குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெப்பநிலையை வெளியிலிருந்தே திருகி மாற்றும் வசதி நோயாளி வீட்டில் இன்றியமையாதது. சிறிய உடனடிக் கீசர்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. அடுக்குமாடியிலோ அழுத்தப் பம்பு உள்ள வீட்டிலோ 8 பார் அழுத்தம் தாங்கும் தொட்டியாகக் கேட்டு வாங்குங்கள். திருகியை 50 டிகிரியில் வைத்தால் போதும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் ஆகியோருக்கு மட்டும் ஒரு விலக்கு: 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் வளரும், 60 டிகிரி அதை அழிக்கும். நாள்தோறும் பயன்படும் வீட்டுக் கீசரில் இந்த ஆபத்து சிறிது. ஊருக்குப் போய் வந்து பல நாட்களுக்குப் பின் போடும்போது, ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நோயாளி உள்ளே இல்லாத நேரத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பின் பயன்படுத்துங்கள்.

வாளியில் எப்போதும் முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர். நோயாளி கால் வைக்கும் முன், உணர்ச்சி நன்றாக உள்ள ஒருவர் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் விபத்து நேர்ந்தால்: வெந்நீர் பட்ட இடத்தில் குழாய்நீரை 20 நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அவற்றைக் கழுவி நீக்குவதே எங்களுக்கு முதல் வேலையாகிவிடும். கொப்புளத்தை உடைக்காமல், தூய துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். நீரிழிவு நோயாளியின் பாதமென்றால் புண் சிறிதாயினும் அன்றே வர வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். அவர் எழுந்து நடந்தாலும், நினைவு தப்பியிருந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இதய நோயாளியாகவோ கருவுற்றவராகவோ இருந்தாலோ இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் ஒருவர் பேச்சுமூச்சின்றிக் கிடந்தால், மூச்சை அடக்கி உள்ளே சென்று, அவரைக் காற்றோட்டமான இடத்துக்கு இழுத்து வந்த பின்னரே மற்றவை. கீசரை அணைத்து, சன்னல்களைத் திறந்து, 108-ஐ அழையுங்கள்.